உன் அம்மா விரல் வைத்த பக்கம்

பிள்ளை,

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு உன் அழைப்பு வந்தது. "அப்பா, அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டாய். "பேந்து சொல்லுறன்" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டு நான் வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். கல்யாணம் கட்டப்போகிற பிள்ளை தாயின் மனதை அறிய ஆசைப்பட்டுக் கேட்கிறாள், இந்த மனுசன் பிடிகொடுக்காமல் கதைக்கிறார் என்று நினைத்திருப்பாய். நான் மறைக்கவில்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீ திருகோணமலைக்குத் திரும்பிய நாளிலிருந்து உன் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து கேட்டும் பார்த்தும் ஊகித்தும் பிழைவிட்டும் இன்னும் தெளிவில்லாமல்தான் இருக்கிறேன். தெளிவில்லாத ஒன்றைத் தொலைபேசியில் சொன்னால் அது இன்னும் குழம்பிவிடும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

பாரிசவாதம் வந்த அன்று அம்மா விறாந்தையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். நான் துறைக்குப் போய்வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். மெசின் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. கதை நின்றதைத்தான் கவனித்தேன். குருநகரில் மெசின் ஓட ஓடக் கதைக்கக்கூடிய பெண் உன் அம்மாதானே. நான் மீன் ஏலம் கூறிப் பிழைத்தவன், என் தொண்டை கரையிலிருந்து வள்ளத்துக்குக் கேட்கும். ஆனால் வீட்டுக்குள் வந்தால் அம்மாவின் கதைக்கு முன்னால் நான் வாய் திறந்தது குறைவு. இந்த வீட்டின் முடிவுகள் எல்லாம் அம்மாவின் வாயிலிருந்துதான் வந்தன. அந்த வாயில் இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு சொற்கள். ஒன்று, ஆம் என்பதற்குச் சொல்லுகிற "ஓம்." மற்றது, அல்லாமல் வேறென்ன என்பதற்குச் சொல்லுகிற "பின்னை." வலது கையும் போனது. நீ ஆசுப்பத்திரியில் எங்களோடு நின்றாய், அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நீ போன பிறகுதான் எனக்கு விளங்கியது: அம்மாவின் "ஓம்" என்பது ஓம் அல்ல. "தேத்தண்ணி வேணுமோ?" என்றால் ஓம். "வேண்டாமோ?" என்றாலும் ஓம். தேத்தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோப்பையைத் தள்ளிவிடுவார். அவருக்குள் சரியான சொல் இருக்கிறது. அது வாசலுக்கு வரும்போது வேறு ஆளாக மாறிவிடுகிறது. அதை அவரும் அறிவார். தன் வாயிலிருந்து பிழையான "ஓம்" விழுந்த ஒவ்வொரு முறையும் அவர் கண் என்னைப் பார்க்கிற பார்வையை நான் எழுத மாட்டேன்.

நீ போகும்போது உன் வாடகை அறையின் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி, முன்பள்ளி ஆசிரியர்களைப் பழக்க நீ கொண்டுதிரிகிற அந்தப் படப் புத்தகப் பெட்டியை இங்கே விட்டுவிட்டுப் போனாய். படியால் இறங்கிப் போய்த் திரும்பி வந்து, "அப்பா, அம்மாவோடை இருந்து உதுகளைப் பாருங்கோ" என்றாய். நான் தலையாட்டினேன். மனதுக்குள் எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசுப்பத்திரியில் பேச்சுச் சிகிச்சை கொடுத்த பிள்ளை கோப்பை, சீப்பு, திறப்பு என்று படம் போட்ட அட்டைகளை நீட்டியபோது அம்மா அவற்றைக் கட்டிலிலிருந்து தட்டிவிட்டதை நான் கண்டவன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த மனுசிக்கு இனி ஆனா ஆவன்னாப் புத்தகமோ என்று எனக்கு இருந்தது. பெட்டியை அலுமாரிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன். அதைத் திறந்தது நான் அல்ல. ஒரு மத்தியானம் சோறு குழைத்துக்கொண்டு வந்தபோது அம்மா கால் விரலால் பெட்டி மூடியைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார்.

முதலில் கைக்கு வந்தது ஒரு சிறுமி தன் ஆட்டைத் தேடுகிற புத்தகம். நான் என் வழமைப்படி வாசித்தேன். "சந்தையில் ஆடு இல்லை. கிணற்றடியில் ஆடு இல்லை. வாழைத் தோட்டத்தில் ஆடு இல்லை." பக்கத்துக்கு ஒரு வரி. ஏலக்காரனுக்கு அது ஒரு மூச்சு வேலை. "சரி, முடிஞ்சுது, இதிலை ஒண்டுமில்லை" என்று மூடப்போனேன். அம்மா இடது கையால் பக்கத்தின் மேல் ஓங்கி அடித்தார். நான் பயந்துபோனேன். "என்னப்பா, நோகுதோ?" "ஓம்." "நோகேல்லையோ?" "ஓம்." கையை எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு விரல் மட்டும் மெல்ல நகர்ந்து சந்தைப் படத்தின் மூலைக்குப் போனது. கோவாக் குவியலுக்குப் பின்னால் ஒரு வால். பிள்ளை, நான் சொன்னால் நம்பமாட்டாய், அந்த ஆடு எல்லாப் பக்கத்திலும் நிற்கிறது! கிணற்றுக் கட்டுக்கு மேலால் இரண்டு காது. வாழை இலைக்கு நடுவில் ஒரு கண். எழுத்து இல்லை என்கிறது, படம் இருக்கு என்கிறது. நான் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கன நேரம் முழித்தேன். இதில் ஆர் பொய் சொல்லுகிறார்கள்? எழுதினவரா, வரைந்தவரா? வாசிக்கத் தெரிந்த நான் காணவில்லை, சொல் இழந்த அம்மா கண்டுவிட்டார். அச்சடித்த எழுத்துத்தான் மெய் என்று இந்த வயது வரை நினைத்திருந்தவனுக்கு அது பெரிய குழப்பம். ஆனால் அம்மா சிரித்தார். வாயின் ஒரு பக்கத்தால்தான். ஆசுப்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் கண்ட முதற் சிரிப்பு அது.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்தால் புத்தகம்தான். நான் வாசித்து முடித்தாலும் அம்மா பக்கம் திருப்ப விடமாட்டார். கை அதன் மேல் கிடக்கும். நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். சந்தையில் நான் மீனைக்கூட ஒரு கண் வெட்டில் மதித்து அடுத்த கூடைக்குப் போகிறவன். முதலில் நித்திரை வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு, எப்போது என்று தெரியவில்லை, நானும் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பிள்ளை முதல் நாள் பள்ளிக்கூடம் போய் அழுகிற கதை ஒன்று இருக்கிறதே, அதை நான் ஒரு நாள் கதை என்றே வாசித்தேன். காலையில் வாசலில் நின்று அழுகிறது, கடைசிப் படத்தில் அதே வாசலில் சிரிக்கிறது, பக்கத்தில் இன்னொரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. அம்மா கடைசிப் படத்தில் அந்தப் பிள்ளையின் சட்டை விளிம்பில் விரலை வைத்தார். எனக்கு விளங்கவில்லை. தன் சட்டையின் கீழ் மடிப்பை இழுத்துக் காட்டினார். அப்போதும் விளங்கவில்லை. முதற் பக்கத்தைப் புரட்டி, திரும்பக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, என் மூக்குக்கு நேரே பிடித்தார். கடைசிப் படத்தில் சட்டையின் கீழே கடும் நீலமாக ஒரு கோடு ஓடியது. மடிப்பை அவிழ்த்துச் சட்டையை இறக்கியிருக்கிறார்கள். வெயில் படாத துணி அது. "அப்ப ஒரு வரியம் போட்டுதோ?" என்றேன். "பின்னை!" என்றார். ஒரு வருடம் போய்விட்டது, போன வருடம் அழுத பிள்ளை இப்போது புதிதாக வந்து அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சொல் எழுதாமல் ஒரு வருடத்தை ஒரு விளிம்பில் வைத்திருக்கிறார் அந்தப் படம் வரைந்தவர். நான் எத்தனையோ முறை சத்தமாக வாசித்தும் கதையையே தவறவிட்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உன் பிஸ்கட் பேணி நினைவுக்கு வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்த காலம். உனக்குப் புத்தகம் என்று ஒன்றும் இல்லை. ஒரு பழைய தகரப் பேணி இருந்தது, அதன் மூடியில் ஒரு வீடும் வாசற்கதவும். அதை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, இந்த வீட்டுக்குள்ளை ஆர் இருக்கினம்?" என்று கேட்பாய். "ஒருத்தருமில்லை, அது தகரம்" என்பேன் நான். பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு எண்ணம். அம்மா குசினிப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்: "உள்ளுக்கை ஒரு அம்மா சட்டை தைக்கிறா. மெசின் சத்தம் கேக்கேல்லையோ உனக்கு?" நீ மூடியில் காதை வைத்து, "கேக்குது" என்பாய். நீ இன்றைக்குச் செய்கிற வேலை எங்கே தொடங்கியது என்று என்னிடம் கேட்டால் நான் அந்தப் பேணியைத்தான் சொல்லுவேன். எனக்கு அன்று அது வெறும் தகரம்.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினா ஒரு நாள் சொதியோடு வந்து எங்களைக் கண்டுவிட்டு, "என்ன அண்ணை, அக்காவுக்கு அரிவரி வகுப்பு நடத்துறியளோ?" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள், அவள் நல்லவள். ஆனால் அவள் படி இறங்கும்போது வாசலில் யாரிடமோ "பாவம், அக்கா குழந்தைப்பிள்ளை மாதிரி ஆகிப்போட்டா" என்று சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு வாசல் படலைச் சத்தம் கேட்டால் நான் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவேன். அம்மா ஒரு முறை பொறுத்தார். அடுத்த முறை பங்குக் கோயிலிலிருந்து ஆட்கள் செபத்துக்கு வந்தபோது, எல்லாரும் இருக்க, தலையணைக்குக் கீழே கையை விட்டு இழுத்தெடுத்து மடியில் விரித்து வைத்தார். "பின்னை" என்றார், எல்லாருக்கும் பொதுவாக. அவர்கள் குனிந்து பார்த்தார்கள். செபம் தொடங்கப் பிந்திவிட்டது, ஏனென்றால் பிலோமினாவே ஆட்டைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். நீ வந்து நின்று, உன்னோடு வேலை செய்கிற ரமணனைக் கட்டப்போகிறேன், கரவெட்டிப் பிள்ளை, சைவக் குடும்பம், தகப்பன் தோட்டம் செய்கிறவர் என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்த யோசனை கோயில்தான். அவர்களும் கோயில் என்கிறார்கள், நாங்களும் கோயில் என்கிறோம், ஆனால் கல்யாணம் எந்தக் கோயிலில் என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. இப்படியான நேரத்தில் நான் வழக்கமாக அம்மாவின் முகத்தைப் பார்ப்பவன். நீ போன பிறகு கேட்டேன். "இஞ்சேருமப்பா, உமக்கு இதிலை விருப்பமோ?" "ஓம்." எனக்கு நெஞ்சு ஆறியது. பிறகு தேத்தண்ணீர் நினைவு வந்தது. "விருப்பமில்லையோ?" "ஓம்." அவர் கண்கள் நிரம்பிவிட்டன. நான் கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்குப் பிறகு அந்த இரண்டு கேள்வியையும் நான் கேட்கவில்லை.

அம்மா தானாகத்தான் பெட்டியிலிருந்து அந்த எழுத்தில்லாத புத்தகத்தை எடுத்தார். பஸ் புத்தகம். ஒரு தாயும் மகளும் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள், மகள் ஏறுகிறாள், பஸ் கடல்நீரேரிப் பாலத்தில் போகிறது, மழை வருகிறது, மகள் இறங்குகிறாள். முதலிலிருந்து முடிவு வரை ஒரு எழுத்துக்கூட இல்லை. எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அம்மா மழைப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பஸ்ஸை வெளியிலிருந்து காட்டுகிற படம் அது, வரிசையாக யன்னல்கள், மகள் ஒரு யன்னலில். அம்மாவின் இடது கை நடுங்குகிறபடியால் விரல் எதன் மேல் நிற்கிறது என்று சொல்ல முடியாது, அது பாதிப் பஸ்ஸை மூடிவிடும். "பிள்ளை தூரத்துக்குப் போறாள் எண்டு கவலையோ?" ஓம். "நல்லா இருக்கட்டும் எண்டு சொல்லுறீரோ?" ஓம். அடுத்த நாளும் அதே பக்கம். பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதிலை என்ன கிடக்கு அண்ணை, மழை எண்டால் கண்ணீர். அனுப்பாதையுங்கோ எண்டு அக்கா சொல்லுறா" என்றாள். அம்மா அவளிடமிருந்து புத்தகத்தைப் பறித்துக்கொண்டார். எனக்கு அன்றிரவு முழுக்க அதே யோசனை. முதற் படத்தில் தாயிடம் குடை இருந்தது, மகளிடம் இல்லை. நாங்கள் உனக்கு ஏதும் கொடுக்க மறந்துவிட்டோமோ என்று நினைத்து, விடிந்ததும் அலுமாரியைத் திறந்து அம்மாவின் சங்கிலியை எடுத்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதைவிடப் பெரிய திட்டு எனக்கு இந்த வீட்டில் கிடைத்ததில்லை.

போன சனிக்கிழமை ரமணன் வந்தான். அவன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன், அவன் முகத்தில் அப்படித்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு பை கத்தரிக்காயும் மரவள்ளிக்கிழங்கும். படலையில் நின்றபடியே, "நான் ஒண்டும் கேக்க வரேல்லை ஐயா. அம்மாவைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றான். "வாரும் தம்பி, உள்ளுக்கு வாரும்" என்றேன். வேறு என்ன சொல்லுவது? அவனை அம்மாவுக்கு முன்னால் இருத்திவிட்டு, அம்மா என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சுகமோ என்றுகூடக் கேட்கவில்லை. வேறு நேரமென்றால் நான் அதைக் குறையாக எடுத்திருப்பேன்.

அம்மா பஸ் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன். அவன் திறந்து, நான் முதலில் செய்ததுபோலவே கடகடவென்று புரட்டினான். மழைப் பக்கத்தில் அம்மாவின் கை பலமாக விழுந்தது. அவன் திடுக்கிட்டான், ஆனால் புத்தகத்தை இழுக்கவில்லை. கதிரையை முன்னுக்கு நகர்த்திக் குனிந்து பார்த்தான். கன நேரம் பார்த்தான். குசினியில் பால் பொங்கி ஊற்றியது, நான் போகவில்லை.

"யன்னல் பூட்டேலாது" என்றான் அவன், தனக்குத்தானே சொல்லுவதுபோல. "உடைஞ்சு கிடக்கு. மழை உள்ளுக்கை அடிக்குது." பிறகு, "ஆனா அவா நனையேல்லை" என்றான். அம்மாவின் கை கொஞ்சம் தளர்ந்தது. அவன் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். "பக்கத்திலை இருக்கிறவர் எழும்பி யன்னலுக்கு முதுகைக் குடுத்து நிக்கிறார். அந்த ஆளின்ரை சட்டைதான் ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கு. தோள் முழுக்க நனைஞ்சு போச்சு." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, "இவரையோ அம்மா பாக்கச் சொன்னனீங்கள்?" என்று கேட்டான்.

"பின்னை" என்றார் அம்மா. பிறகு அந்த இடது கையைத் தூக்கி, மெல்லக் கொண்டுபோய், அவன் தோளில் வைத்தார்.

நான் அந்தப் படத்தை எத்தனை நாள் பார்த்தேன், பிள்ளை! அந்த ஆளை நான் பஸ்ஸில் நிற்கிற யாரோ ஒருவர் என்று விட்டுவிட்டேன். பெயருமில்லை, எழுத்துமில்லை, புத்தகத்தில் வேறெங்கும் வருவதுமில்லை. அம்மா துணி நனைந்தால் எந்த நிறமாகும் என்று தெரிந்தவர், அதனால் கண்டார். அவனை வழியனுப்பப் படலை வரை போனபோது கேட்டேன், "தம்பி, அவ என்ன சொன்னவ எண்டு உமக்கு விளங்கினதோ?" அவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "வடிவா விளங்கேல்லை ஐயா. கேட்டவாவோ, சொன்னவாவோ எண்டு தெரியேல்லை. ரெண்டெண்டாலும் எனக்குச் சம்மதம்" என்றான். எனக்கு அவனைப் பிடித்தது அந்த இடத்தில்தான். விளங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகவே உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற மறுமொழி இவ்வளவுதான். அம்மா அவன் தோளில் கை வைத்தார். அது ஆசீர்வாதமா, எச்சரிக்கையா, இல்லை கேள்வியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் ஒன்றாக இருக்கலாம், நீ தாயானால் உனக்கு விளங்கக்கூடும். எந்தக் கோயில் என்பதும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன், இது புத்தி சொல்லுவதென்றால் புத்தியாக எடு. உன் வாழ்க்கையில் அவன் சொல்லுகிற சொல்லும் இருக்கும், சொல்லாமல் ஒரு மூலையில் செய்துவிட்டுப் போகிற காரியமும் இருக்கும். அவனுக்கும் உன்னிடம் அப்படித்தான். நான் உன் அம்மாவோடு இவ்வளவு காலம் வாழ்ந்து அவர் சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன் போல இருக்கிறது. எனக்காக எத்தனை யன்னலுக்கு முதுகு கொடுத்து நின்றார் என்று இப்போது எப்படிப் போய்ப் பார்ப்பேன்? நீ முதலிலேயே மெதுவாகப் பார்க்கப் பழகு. பக்கத்தைத் திருப்ப அவசரப்படாதே.

இன்னொரு சங்கதி, இதற்காகத்தான் கடிதத்தை இன்றைக்கே தபாலில் போடுகிறேன். நேற்றுக் காலை அம்மா அலுமாரியைக் காட்டிக் காட்டி, மேல் தட்டிலிருந்து ஒரு சந்தன நிறப் பட்டுத் துணியை எடுப்பித்தார். எப்போது வாங்கி வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அதை மேசையில் விரித்து, பெரிய கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தார். தன் கைதான் வேலை செய்யாதே, என் கையைப் பயன்படுத்தப் போகிறார் போல. உன் சட்டை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கோ, டிசெம்பரில் வருகிற நத்தாருக்கோ, அதுவும் எனக்குத் தெரியாது. "கை நீளமோ?" என்று கேட்டேன். ஓம். "கட்டையோ?" ஓம். கழுத்து வட்டமா சதுரமா என்று கேட்கவே எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் வருகிற வெள்ளிக்கிழமை நீ கட்டாயம் வா. எப்படித் தைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பாதே, தொலைபேசியிலும் சொல்லாதே. வரைந்துகொண்டு வா. கை எங்கே முடிகிறது என்பதைச் சரியாக வரை. துணி ஒரு துண்டுதான் இருக்கிறது, வெட்டப்போவது நான்.

அப்பா